கசிந்த டேங்க்

என் மைத்துனனுக்குக் கொள்ளிடக் கரைப் படுகையில் வாழைத் தோட்டம் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டால் தோட்டத்தைச் சுற்றி வெள்ளம் நின்றுவிடும், உள்ளே போக வழியிருக்காது. அதற்காக நாகப்பட்டினம் பக்கமிருந்து பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி வந்தான். நாலு பேர் உட்காரலாம். வந்து சேர்ந்த பிறகுதான் அதன் பெட்ரோல் டேங்க் ஒழுகுவது தெரிந்தது.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாம் மாமா" என்றான்.

சரி என்று சொல்லியிருக்கலாம். நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவன். அடுத்தவர்களின் ஓட்டை உடைசலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன், ஒன்றைக்கூட அடைத்ததில்லை. ஆனால் அந்த வாரம்தான் யூடியூபில் ஒருவர் டேங்க் அடைப்பதைக் கடைசிவரை பார்த்திருந்தேன்.

"இதுக்குப் போய் புது டேங்க்கா? குடு மாப்ளே, நான் பாத்துக்கறேன்."

பெட்ரோலை வடித்துவிட்டு, டேங்க்கை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீடு இரண்டாவது மாடியில். பின்பக்கத்து பால்கனியில் டேங்க்கை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அடியில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

தலையில் சோப்போடு இருக்கும்போது கதவு இடிபட்டது. "கேஸ் லீக்காகுது! எல்லாரும் கீழ வாங்க, சுவிட்சைத் தொடாதீங்க!" கீழ்வீட்டுக்காரரின் குரல்.

துண்டோடு ஓடினேன். கட்டடம் முழுவதும் தெருவில் நின்றது. நான் சும்மா நிற்கவில்லை, அதுதான் கொடுமை. "யாரும் பதறாதீங்க, எங்க ஆபீஸ்ல இதுக்கெல்லாம் டிரெயினிங் குடுத்திருக்காங்க" என்று அறிவித்தேன். ஒவ்வொரு வீட்டாரிடமும் சிலிண்டரை மூடினீர்களா என்று விசாரித்தேன். முதல் மாடி மாமி, "தளிகை பாதியில நிக்கறது, பெருமாளுக்கு இன்னும் கண்டருளப் பண்ணலே" என்று நைவேத்தியம் ஆகாத கவலையில் கலங்கினார். அடுப்பை அஜாக்கிரதையாக விடக்கூடாது என்று அவருக்கு நான் புத்தி சொன்னேன்.

அப்போது என் மனைவி காய்கறிப் பையோடு வந்தாள். நடந்ததைக் கேட்டாள். மூக்கைச் சுருக்கினாள்.

"இது கேஸ் வாசனை இல்லைங்க, பெட்ரோல். தம்பி படகோட டேங்க்கை எங்க வச்சீங்க?"

இத்தனை பேர் என்னைப் பார்த்து நான் அதுவரை கண்டதில்லை. அதுவும் துண்டில்.

அன்று மதியமே டேங்க் மைத்துனனின் தோட்டத்துக்குத் திரும்பியது. விட்டுவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? திறந்த வெளியில், பம்ப்செட் கொட்டகையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பலமுறை அலசினேன். டேங்க்கின் வாய்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றை அடைத்து, அதன் வழியே சைக்கிள் பம்பால் லேசாகக் காற்றடித்து, வெளியே சோப்பு நுரையைத் தடவினேன். டேங்க்கைப் படகோடு பிடித்திருந்த இரும்புப் பட்டை உரசித் தேய்ந்த இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. துருவைச் சுரண்டி, இரண்டு டியூபாக வரும் பசையைச் சேர்த்துப் பிசைந்து அப்பினேன். நன்றாகக் காயவிட்டு பெட்ரோல் ஊற்றினால் ஒரு சொட்டு ஒழுகவில்லை! போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல்களாக வந்து குவிந்தன. மனைவி மட்டும் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்தது. நானும் மைத்துனனும் படகில் ஏறினோம். இன்ஜின் ஒரே இழுப்பில் கிளம்பியது. முன்னால் கம்பீரமாக உட்கார்ந்து கரையில் நின்றவர்களுக்குக் கைகூடக் காட்டினேன். நடு வழியில் இன்ஜின் இருமியது, திக்கியது, நின்றது. படகு தன்பாட்டுக்கு மிதந்து போனது.

மைத்துனன் குழாயைக் கழற்றிக் கொஞ்சம் பெட்ரோலை பாட்டிலில் பிடித்தான். அடியில் தனியாக ஏதோ தேங்கி நின்றது.

"டேங்க்கை அலசுனீங்களே மாமா, தண்ணிய முழுசா வடிச்சீங்களா?"

கவிழ்த்துவைத்தது ஞாபகம் இருந்தது. உள்ளே காய்ந்ததா என்று பார்த்தது ஞாபகம் இல்லை.

"தண்ணி மேல ஓடுற படகுதான் மாமா வாங்கினேன். தண்ணியிலயே ஓடும்னு நினைச்சீங்களா?"

மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி யாருடைய தோட்டத்திலோ கரையேறினோம். முழங்கால் வரை சேறு. என் ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. பயம் விட்ட பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது, அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே. மனைவி போன் செய்து டேங்க் ஒழுகுகிறதா என்று கேட்டாள். "ஒரு சொட்டுகூட இல்லை" என்றேன். பொய்யில்லை.

டேங்க்கை மறுபடி காயவைத்தோம். அந்தப் பருவம் முழுக்கப் படகு ஒழுங்காக ஓடியது. இந்த வருடம் போய்ப் பார்த்தால் படகில் அந்த டேங்க் இருந்த இடத்தில் புது பிளாஸ்டிக் டேங்க் இருக்கிறது.

"ஏன் மாப்ளே, அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு மாமா" என்றான், என் கண்ணைப் பார்க்காமல். "அக்காதான் வாங்கிக் குடுத்தாங்க."