கண் மூடிய படம்

நல்லகாமன் பாண்டியராஜன், பிறப்பு 1968. காளவாசலில் ஸ்டுடியோ வைத்து முப்பது ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுப்பவர். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

2025 ஆடியில் நகரத்துப் புகைப்படக் குழு ஒன்று, கண்காட்சிக்கு ஆளுக்கொரு தெருப்படம் கேட்டது. கெடு ஆகஸ்ட் பத்து. "கல்யாணக்காரருக்கு இது வராதுண்ணே, விட்டுருங்க" என்று அங்கே ஒருவர் சிரித்தது அவருக்கு முள்ளாய்த் தைத்தது.

"ஒரு எடத்துல ஒக்காந்தா என்ன? வெயில்ல எம்புட்டு அலைவீக?" என்றார் மனைவி முத்துத்தாய்.

அவர் உட்காரவில்லை. கேமராவை நெஞ்சில் தொங்கவிட்டு, பார்க்காமலே அழுத்தினார். படத்தில் தலையில்லாத உடம்புகள் விழுந்தன. கடைக் கண்ணாடிகளில் தெருவைத் தேடினார். தம் தொந்தியே முன்னால் நின்றது. பிறகு எந்நேரமும் சந்தடியான சிம்மக்கல்லில் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து, ஷட்டரை மெதுவாகத் திறந்து மூடினார். ஓடும் டவுன் பஸ் கோடாய்க் கரையும். அசையாமல் நிற்பவர் மட்டும் துலங்குவார். ஆனால் சிம்மக்கல்லில் அசையாமல் நிற்பவர் யார்?

ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஒருவர் நின்றார். கொய்யா விற்கும் அழகம்மாள். பஸ் கிளப்பிய தூசிக்குக் கண்ணை இறுக மூடி, மூச்சடக்கி, கூடையோடு சிலையாய் நின்றார். சுற்றிலும் சிம்மக்கல்லே கரைந்தோடியது. கிடைத்துவிட்டது!

எடுத்ததை உடனே காட்டுவது கல்யாண வீட்டு வழக்கம். ஓடிப்போய்க் காட்டினார்.

"அய்ய, கண்ணு மூடியிருக்கேண்ணே!"

"அழிச்சிருவோம்த்தா" என்றது வாய். கல்யாண மேடைகளில் பழகிய கட்டைவிரல் அதற்குள் அழித்தே விட்டிருந்தது.

அழகம்மாள் முந்தானையைச் சரிசெய்து விறைப்பாக நின்றார். "இப்ப எடுங்க."

வாரம் முழுவதும் அலைந்தும் அப்படியொன்று வாய்க்கவில்லை. கெடு நாளன்று மறுபடியும் சிம்மக்கல் போனார்.

"இன்னைக்கு மூட மாட்டேண்ணே, கவலப்படாதீக!"

"மூடுத்தா. மூடுனாத்தான் படம்."

"உசுரோட இருக்கவளக் கண்ண மூடி எடுத்தா வீட்டுக்கு ஆகுமா? போங்கண்ணே!"

பஸ் வந்தது. தூசி பறந்தது. அவருக்காகவே அழகம்மாள் இமைக்காமல் நின்றார். கண் சிவந்து நீர் வழிய, உதட்டில் சிரிப்பு. பாண்டியராஜன் அழுத்தினார். இம்முறை யாரிடமும் காட்டாமல், கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பினார். கண்காட்சிக்கு அந்தப் படத்தை அவர் அனுப்பியது அன்று மாலை, 2025 ஆகஸ்ட் 10.