தங்கம் படக்கூடாத கிரீம்

காலை ஆறு ஐம்பது. அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. நான் முதலில் பார்த்தது ஒரு பாதத்தை. அக்கா பெண் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து செருப்பின் வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டவில்லை. கணுக்கால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பே தெரியவில்லை.

மயிலாப்பூரில் ஒரே கட்டடத்தில் அக்கா முதல் மாடி, நான் இரண்டாவது மாடி. பேப்பர் அவள் வீட்டுக்குத்தான் வரும், படிக்க நான் இறங்கிப் போவேன். அன்று பேப்பரை எடுக்கவில்லை. கட்டை விரலால் அந்தக் காலை அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

சமையலறையிலிருந்து வந்த அக்காவுக்குக் காரணம் தயாராக இருந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், தி. நகரில், ஞாயிற்றுக்கிழமை முழுக்க முகூர்த்தப் புடவைக்கு அலைந்திருக்கிறார்கள். "நாலு கடை ஏறி இறங்கினோம். கால் வீங்காம என்ன பண்ணும்?" என்றாள். அவள் காலையும் பார்த்தேன். அதே நாலு கடை ஏறி இறங்கிய அறுபது வயதுக் கால், ஒல்லியாக, எலும்போடு இருந்தது.

பெண்ணுக்கு இருபத்தேழு வயது, மென்பொருள் கம்பெனியில் வேலை, ஆவணியில் கல்யாணம். கீழே வண்டி ஹாரன் அடித்தது. அவள் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, "சித்தி, இத வெச்சு ஹெட்லைன் போட்டுடாதே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். போகும்போது முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தத்தில் பார்த்ததைவிட நன்றாக வெளுத்திருந்தது. இமைகளும் வீங்கியிருந்தன. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரிலேயே லேபிள் படிக்கும் பக்தியில் அதற்கு இணை கிடையாது. நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், தோல் மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்த கட்டுரையைப் பெண்கள் பக்கத்தில் போட்டேன். அழகு சாதனப் பொருட்களில் தவிர்க்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியல் அது. பாரபென், ஃபார்மால்டிஹைட், ஹைட்ரோகுவினோன், பாதரச உப்புகள் என்று நீளும். அக்கா அதை வெட்டி, லேமினேட் செய்து, குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினாள். மற்றவர்கள் அந்த இடத்தில் சாமி படம் மாட்டுவார்கள்.

பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டைச் சுத்தம் செய்தாள். ஷாம்பூ போனது, பவுடர் போனது, பத்து வருஷமாக யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத கோல்டு கிரீம் போனது. போனது என்றால் குப்பைக்கு அல்ல. விஷம் என்று அவளே தீர்மானித்ததையெல்லாம் ஒரு பையில் போட்டு, சைதாப்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் அம்மாளிடம் அன்பாகக் கொடுத்தாள். அந்தம்மாள் ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உங்களுக்கு ஆவாதது எங்களுக்கு மட்டும் ஆவுமா?" என்று கேட்டாள். அக்கா காதில் விழாத மாதிரி இருந்தாள். அந்தம்மாள் பையை எடுத்துக்கொண்டு போனாள். நல்லா நுரை வருது என்று அடுத்த வாரம் சொன்னாளாம்.

இவ்வளவு வைராக்கியமான வீட்டுக்குள்தான் அந்த டப்பா வந்தது.

நிச்சயதார்த்தப் போட்டோக்களைப் பார்த்த பிள்ளையின் அம்மா, லைட்டிங் சரியில்லை போலிருக்கிறது, பெண் கொஞ்சம் டல்லாகத் தெரிகிறாள் என்று போனில் சொல்லியிருந்தாள். சம்பந்தி லைட்டிங்கைக் குறை சொல்லவில்லை என்பது அக்காவுக்குப் புரிந்தது. மறுநாளே பாண்டி பஜாருக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு பார்லரில் தொண்ணூறு நாள் மணப்பெண் பேக்கேஜில் பெண்ணைச் சேர்த்தாள். பார்லர் அம்மாள் மூடியில் ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தாள். மேலே ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. குங்குமப்பூ, கஸ்தூரி மஞ்சள், பாதாம் எண்ணெய் என்று வாயால் சொன்னாளாம்.

அக்கா அதை எனக்குப் பெருமையாகக் காட்டியபோது, இதில் என்ன இருக்கிறது என்று எங்கேயும் போடவில்லையே என்று கேட்டேன்.

"கெமிக்கல் இருந்தாதானே போடணும்? இது ஆத்துலயே கையால பண்ணிண்டு வரா."

பார்லர் அம்மாள் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாள். போடும்போது தங்கம் படக்கூடாது. தோடு, செயின், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் தடவ வேண்டும். ஏன் என்று கேட்டால், அவ்வளவு சுத்தமான சரக்கு என்றாளாம். மடி மாதிரி ஏதோ ஒன்று என்று அந்த வீடு அதை எடுத்துக்கொண்டது. தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் பெண் நகைகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் வைப்பாள், அக்கா கிண்ணத்தைக் கொண்டுபோய் அலமாரியில் பூட்டுவாள். இருபத்தாறு வருஷம் அடுத்தவர்கள் எழுதியதில் ஓட்டை தேடிச் சம்பளம் வாங்கிய நானும் இதைக் கேட்டுவிட்டுக் காபி குடித்தேன்.

கால் வீங்கிய அன்று மாலை, அக்காவின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், பெண்ணை அடையாறில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ்; ஒரு பிளஸ்கூட இருக்கக்கூடாது என்றார்கள். சில வாரங்களாகவே நுரைத்துக்கொண்டு போகிறது என்று அப்போதுதான் சொன்னாள். கழிவறைக்குப் புதிதாக வாங்கிய இயற்கைக் கிளீனரின் நுரை என்று நினைத்தாளாம். அந்த பாட்டிலின் லேபிளை முழுக்கப் படித்திருந்தாள்.

சிறுநீரக மருத்துவர் சின்ன வயதுப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்பது. அக்கா முந்திக்கொண்டு, தங்கள் வீட்டில் கெமிக்கலே நுழையாது என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினாள். மருத்துவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுப் பெண் பக்கம் திரும்பினார்.

"நகையைக் கழட்டிட்டுப் போடச் சொன்னாங்களா?"

பெண் ஆமாம் என்றாள்.

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி வருகிறார்கள் என்றார் மருத்துவர். கிரீமில் பாதரசம் கலந்திருந்தால் தோல் தன் நிறத்தை உண்டாக்க முடியாது, அதனால்தான் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தின் சல்லடையைக் கெடுக்கிறது. தங்கத்தில் பட்டால் நகையும் வெளுத்துவிடும். நகை கெட்டால் வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நகையை மட்டும் கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். ரத்தத்தில் பாதரசம் இருந்தது. டப்பாவைப் பரிசோதனைக்கு அனுப்பினோம், அதிலும் இருந்தது. ஊசியால் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்து, கிரீமை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், மாதங்கள் ஆகலாம், சிலருக்கு முழுசாகச் சரியாகாமலும் போகலாம் என்றார். பெண் அந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் மேல் பாய்ந்தாள். "நீ எழுதின லிஸ்ட்டைத்தானே பாத்துண்டு இருந்தோம்? இப்படி டப்பா வரும்னு ஏன் எழுதலை?"

கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்து பட்டியலைக் கழற்றிப் படித்தேன். அதில் அப்படி ஒன்றும் இல்லை. மாடிக்குப் போய், பழைய கோப்பிலிருந்த தோல் மருத்துவரின் மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தேன், அவர் எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில், தயாரிப்பாளர் முகவரியும் பேட்ச் எண்ணும் இல்லாத எதையும் முகத்தில் போடாதீர்கள் என்று இருந்தது. அந்த இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் விளம்பரப் பிரிவு அதே பக்கத்துக்கு ஒரு சிகப்பழகு கிரீம் விளம்பரத்தை அனுப்பியது. இடம் வேண்டும். கீழிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். முக்கியமானது மேலேயே வந்திருக்கும் என்று நம்பி, படிக்காமலே வெட்டுவோம். நான் வெட்டினேன். அக்காவிடம் அதைச் சொன்னேன். இந்த வீட்டில் இனிமேல் யாரும் எதையும் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் அக்காவும் நானுமாகப் பார்லருக்குப் போனோம். பார்லர் அம்மாள் பதறவில்லை. கையால் செய்வதாகச் சொன்னதை மறந்துவிட்டு, யாரோ மொத்தமாகக் கொண்டுவந்து தருகிறார்கள், பத்து வருஷமாக ஒருவரும் குறை சொன்னதில்லை, ஒவ்வொருவர் ஸ்கின் ஒவ்வொரு மாதிரி என்றாள். காத்திருக்கும் நாற்காலிகளில் இரண்டு அம்மாக்கள், தங்கள் பெண்களோடு உட்கார்ந்திருந்தார்கள். உரக்கப் பேச வந்த அக்கா அவர்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். கல்யாணப் பெண்ணுக்குக் கிட்னியில் கோளாறு என்பது தி. நகர் சந்திலிருந்து சம்பந்தி வீடு போய்ச்சேர ஒரு மத்தியானம் போதும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்த பெண்களின் சிறுநீரகம் அந்தக் கணக்கில் வரவில்லை.

நான் சொன்னேன். பாதரசம், வீக்கம், ஊசி எல்லாவற்றையும் அந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். ஒருத்தி தன் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள். இன்னொருத்தி கடைசிவரை கவனமாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"ஆனா கலர் வந்துதா?"

சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதினேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது வந்தது.

சம்பந்தி வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று அக்கா ஒரு வாரம் போராடினாள். உப்பில்லாத சாப்பாடு, காலை ஐந்து மாத்திரை, எல்லாவற்றையும் கல்யாண டயட் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்பது அவள் திட்டம். பெண் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டு, பிள்ளையை நேரே ஒரு காபிக் கடைக்கு வரச் சொல்லி ரிப்போர்ட்டுகளை மேஜையில் பரப்பினாள். சிறுநீரகம் முழுசாகச் சரியாகாமலும் போகலாம், யோசித்துச் சொல் என்றாளாம். அவன் யோசித்துச் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். அந்த இரண்டு நாளும் அவள் ஆபீஸுக்குப் போய் வந்தாள், சாப்பிட்டாள், என்னோடு மட்டும் பேசினாள். அதன் பிறகு தள்ளி வைக்கலாம், நிறுத்த வேண்டாம் என்று அவன் வந்து சொன்னான். உறவினர்களிடம் இரு வீட்டாரும் சேர்ந்து, மண்டபத்தில் மராமத்து நடக்கிறது என்று சொன்னார்கள். அதை எல்லோரும் நம்பினார்கள் அல்லது நம்பின மாதிரி இருந்தார்கள்.

கார்த்திகைக்குள் அவள் முகம் பழைய நிறத்துக்குத் திரும்பியது. தை மாத முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் எடுத்த பரிசோதனையில் புரதம் ஒரு பிளஸ்.