அம்மா மோட்டாரை நிறுத்தினாள்

எங்கள் வயல் மண்ணைப் பற்றிப் பெரியப்பாவுக்கு ஒரே கருத்துதான்: அது செங்கல்லுக்குத்தான் லாயக்கு. சுருளிப்பட்டிச் சாலையோரம் இருந்த அந்தக் களிமண் வயலின் மேல்மண்ணைச் சூளைக்காரருக்கு விட்டுவிடலாம் என்றார். அண்ணன் சொன்னால் அப்பாவிடம் மறுபேச்சு கிடையாது. அம்மாதான் ஒரு போகம் அவகாசம் கேட்டு பீட்ரூட் விதைத்தாள். எனக்கு டிப்பர் லாரி பார்க்க ஆசை. அந்த வயதில் என் ஆதரவு சூளைக்காரருக்குத்தான்.

அம்மா கடமலைக்குண்டுக்காரி. அவள் பிறந்த வீட்டு நிலம் மணல் கலந்த செவல் மண்; காலையில் விட்ட தண்ணீர் மாலையில் இருக்காது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தினம் மோட்டாரைப் போட்டாள். களிமண் அத்தனையையும் குடித்துவிட்டு, வெயில் பட்டதும் மேலே அப்பளம் மாதிரி இறுகிக்கொண்டது. ஒரு முளையும் வரவில்லை. விரலால் கிளறிப் பார்த்தாள். பாதி விதை அழுகியிருந்தது. மீதி முளைவிட்டு, மேலே வர வழியில்லாமல் மடங்கிக் கிடந்தது.

"மூச்சுமுட்ட வச்சுக் கொன்னுட்டேனே" என்றாள். அழுவாள் என்று பார்த்தேன். அவளுக்கு வந்ததோ கோபம்.

மண்ணைக் கொத்திப் புரட்டி மறுபடி விதைத்தாள். பாத்தி மேல் சலித்த சாணி எருவும் ஆற்று மணலும் தூவினாள். ஒரே ஒரு முறை தண்ணீர் விட்டு, மோட்டார் ரூம் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வெயில் கொளுத்தியது. எனக்கே பொறுக்காமல் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன்.

"ஏ புள்ள, ஒரு சொட்டு விழுந்துச்சு, கைய ஒடிச்சுப்புடுவேன்!"

அந்தப் பக்கம் வந்த பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்காத்தா வயலக் கைகழுவிட்டா போலருக்கே."

அம்மா வரப்பில் உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சும்மா இருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒருநாள் காலையில் பாத்தி நெடுகச் சிவந்த தண்டோடு முளைகள் நின்றன. பெரியப்பா குனிந்து பார்த்தார். ஒரு முளையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சூளைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பெரியண்ணன் உங்களத்தான் கேக்கச் சொன்னாக, தங்கச்சி. மண்ணு குடுப்பீகளா?"

"இல்லண்ணே" என்றாள் அம்மா. அவர் போனதும் அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வேண்டாமென்று சொன்னவளே எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு காரியத்தையும் யாரும் அவளிடம் கேட்டதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.