விளங்காவிட்டால் எடுக்கவும்

ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்றாலே எனக்குப் பயம். மற்றவர்களுக்கு அது ஓய்வு நாள். எனக்கு அது எங்கள் ஒஸ்லோத் தமிழ்ச் சங்கத்தின் இணையத்தளத்தைப் பற்றித் தொலைபேசி வரும் நாள்.

அந்தத் தளத்தைக் கட்டிக்கொடுத்தவன் நான்தான். லில்லெஸ்ட்ரோமில் ஒரு சின்ன நிறுவனத்தில் பகல் முழுக்க எனக்கு இதே வேலை. அது போதாதென்று, சங்கக் கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இனி யாரும் தாங்களே செய்தி போடலாம், என்னைத் தேடத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். செய்திக்கு ஒன்று, மண்டபம் பதிவதற்கு ஒன்று, தமிழ்ப் பள்ளி நேர அட்டவணைக்கு ஒன்று, மரண அறிவித்தலுக்கு ஒன்று என்று தனித்தனிப் பகுதிகளாக, எங்கள் தொழில் மொழியில் மொடியூல்களாக, பிரித்து வைத்தேன். உள்ளே போய் எழுதிச் சேமித்தால் தளத்தில் வந்துவிடும். எல்லாம் ஒழுங்காக ஓடின. ஆனால் எங்கள் ஆட்கள் உள்ளே போனதும் போகாததுமாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். படம் ஏறவில்லை. தலைப்பு எங்கே எழுதுவது? எழுதியது எங்கே போனது?

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்கும் எனக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது சில ஞாயிறுகளில் மட்டும். திராமன் நகரில் இருக்கும் அவளுடைய தங்கைக்குக் குழந்தை பிறந்து, அந்தக் குழந்தைக்குப் பல்லும் முளைத்துவிட்டது. நாங்கள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் புறப்பட்டுக் காலில் சப்பாத்தைப் போடும்போது தொலைபேசி அடிக்கும்.

இந்த நாட்டில் ஊரார் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் வேலைக்கு டுக்னாட் என்று பெயர். அதை வைத்தே ஒருநாள் மனைவி என்னைக் குத்திக் காட்டினாள்.

"டுக்னாட் எண்டால் ஒருநாள் கூடிச் செய்துபோட்டு, வாஃபல் சாப்பிட்டிட்டு வீட்டை வாறது. நீங்கள் இன்னும் வந்து சேரேல்லை."

அன்றைக்குத்தான் ஒவ்வொரு மொடியூலுக்குள்ளும் உதவிக் குறிப்பு வைப்பதென்று முடிவெடுத்தேன். பக்கத்தைத் திறந்தவுடன் மேலே ஒரு மஞ்சள் பெட்டி தெரியும். முதலில் என்ன செய்வது, எந்தப் பொத்தானை அழுத்துவது, பிழைத்துப்போனால் எப்படித் திரும்பி வருவது, எல்லாம் அதற்குள் இருக்கும். லில்லெஸ்ட்ரோம் ரயிலில் மடிக்கணினியைத் தொடையில் வைத்துக்கொண்டு போகவர எழுதினேன். நிரல் எழுதுவது லேசு. மனிதர் எங்கே தடக்குவார் என்று யோசித்து யோசித்து எழுதுவதுதான் ஆளைத் தின்னும் வேலை. முதலில் எழுதியதை மனைவி வாசித்துவிட்டு, இது அரசாங்கக் கடிதம்போல இருக்கிறது என்று சிரித்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பதுபோலத் திரும்ப எழுதினேன்.

சோதனைக்கு அவளையே கணினிக்கு முன்னால் இருத்தி, மண்டபம் கூட்டிக் கழுவுவது பற்றி ஒரு செய்தி போடச் சொன்னேன். வாய் சும்மா இராது என்று பயந்து நான் குசினிக்குள் போய்த் தேநீர் வைத்தேன். தண்ணீர் கொதிக்குமுன் அங்கிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சுது. உங்களை நான் ஒண்டும் கேக்கேல்லை."

கலியாணம் கட்டிய காலத்திலிருந்து அவள் என்னிடம் சொன்ன இனிமையான வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அடுத்த ஞாயிறு திராமன் என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிறு காலையில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் எடுத்தார். நேர அட்டவணையை எப்படி மாற்றுவது என்று கேட்டார். மேலே மஞ்சள் பெட்டி தெரிகிறதா என்றேன். தெரிகிறதாம். அதில் உள்ளதை வாசியுங்கள் என்றேன். அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார்: விளங்காவிட்டால் தம்பிக்கு எடுக்கவும். அதற்குப் பக்கத்தில் என் கைத்தொலைபேசி எண்.

போய்ப் பார்த்தேன். எல்லா மொடியூலிலும் அந்த ஒரு வரிதான். நான் எழுதியதில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. இது சங்கச் செயலாளரின் வேலை. எழுத்துப்பிழை இருந்தால் திருத்தலாம் என்று பெட்டியை மாற்றும் உரிமையை அவருக்கு நான்தான் கொடுத்திருந்தேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதை. தொலைபேசியைச் சுவரில் அடிக்கலாம்போலக் கோபம் வந்தது. ஆனால் நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், குளிரில் நடுங்கியவனுக்குத் தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தந்தவர் அவர். அவரோடு எப்படிச் சத்தம் போடுவது? அவருக்கு எடுத்து, குறிப்புகளை ஏன் அழித்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"தம்பி, நீர் எழுதினது நல்ல வடிவு," என்றார். "ஆனால் ஆர் உதை இருந்து வாசிக்கிறது? உம்மடை குரலைக் கேட்டால்தான் சனத்துக்கு ஒரு தெம்பு."

அன்று திராமனுக்குப் போகாமல் இருந்து பழைய குறிப்புகளைத் திரும்பப் போட்டேன். சில நாளில் அவரே எடுத்தார். என்னுடைய எண் எப்படியோ அழிந்துவிட்டதாம், கவலைப்பட வேண்டாமாம், எல்லா இடத்திலும் திரும்பப் போட்டுவிட்டாராம். என் உதவிக் குறிப்பிலிருந்து அவர் கற்றுக்கொண்ட ஒரே காரியம் அதுதான்.

இதற்கிடையில் நான் குளித்துக்கொண்டிருந்த ஒரு நேரம் அடித்த தொலைபேசியை மனைவி எடுத்து, யாருக்கோ பொறுமையாக விளங்கப்படுத்தியிருக்கிறாள். அது செயலாளர் காதுக்கும் போய்விட்டது. அடுத்த கிழமை மஞ்சள் பெட்டியில் அவளுடைய எண்ணும் இருந்தது. காட்டினேன். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். அவள் கதிரையில் இருந்தபடியே, திராமனுக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று மட்டும் கேட்டாள். இரண்டு தொலைபேசிகளையும் அணைத்துவிட்டுப் போவோம் என்றேன். மரண அறிவித்தலாக இருந்தால் என்ன செய்வது என்றாள். அதுவும் சரிதான்.

ஒருவழியாக, இருவருக்கும் லீவு கிடைத்த அடுத்த ஞாயிறு புறப்பட்டோம். பள்ளி தொடங்கும் காலம் அது. ரயில் ஒஸ்லோவைத் தாண்டுமுன் என்னுடையது அடித்தது, பிறகு அவளுடையதும் அடித்தது. எதிரே இருந்த நொர்வேஜியர் பத்திரிகையைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி அவள் ஒருவருக்குப் படம் ஏற்றச் சொல்லிக்கொடுத்தாள். இந்தப் பக்கம் திரும்பி நான் இன்னொருவருக்கு நேர அட்டவணையைச் சொன்னேன். திராமன் வரும்வரை இரண்டு பேரும் வாய் ஓயாமல் கதைத்தோம். எங்களுக்குள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.