சங்குச் சத்தத்துக்கு விலகிய கூட்டம்

போன மாதம் பௌர்ணமியன்று சாயங்காலம், பக்கத்து வீட்டு முருகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் ஓடி வந்தான். எங்கள் தெருவில் டெலிபோன் இருப்பது என் வீட்டில் மட்டும்தான்.

"சார், செல்விக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க."

செல்வி அவன் மனைவி. தாய் இல்லாத பெண். அதனால் பிரசவமும் மாமியார் வீட்டில்தான். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள் என்று நர்ஸம்மா முன்பே சொல்லியிருந்தார்.

போன் போட்டேன். "ரோடு பூரா ஜனம் சார், வண்டி உள்ள வராது. நீங்களே எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் எடுத்தவர்.

எப்படியாவது... எப்படி? மலையைச் சுற்றும் பாதைதான் எங்கள் அடி அண்ணாமலைக்கு மெயின் ரோடு. மற்ற நாட்களில் அதில் ஆடு படுத்திருக்கும். பௌர்ணமியன்று ஊர் ஊராக ஜனம் வந்து இறங்கிவிடும். டீயும் சுண்டலும் விற்று நாங்களும் நாலு காசு பார்க்கிறோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு நோய் நொடி எதுவும் வரக் கூடாது!

எங்கள் தெரு சேகரின் ஆட்டோவில் செல்வியைப் படுக்க வைத்தோம். தலைமாட்டில் மாமியார் முனியம்மா. நானும் முருகனும் முன்னால் ஓடி வழி விடச் சொல்லிக் கேட்டோம். ஓட்டமா அது? என் தொப்பையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

யாரும் விலகவில்லை. எல்லோருக்கும் முதுகு எங்கள் பக்கம். சேகர் ஹார்ன் அடித்தான் – பிள்ளைகள் எல்லாம் பீப்பீ ஊதிக்கொண்டு போகிற இடத்தில் ஹார்னை யார் மதிப்பார்கள்? பிரசவம் என்று கத்தினேன். "சாமி கும்பிட வந்த எடத்துல என்னாங்க அவசரம்?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார் ஒருவர். எனக்கு வந்த கோபத்தில் அவர் துண்டைப் பிடித்து இழுத்தே விட்டேன். அவர் நகர்ந்தார். அந்த இடத்தில் நாலு பேர் வந்து நின்றார்கள்.

ஊர்க்கோடியைத் தாண்டுவதற்குள்ளேயே செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. முருகன் அழ ஆரம்பித்தான்.

அங்கேதான் மாரியின் வீடு. சாவு வீடுகளில் சங்கு ஊதுகிறவர். என்னமோ ஏதோ என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். செல்வி அவரைப் பார்த்துவிட்டாள்.

"மாரிண்ணா... உள்ள போயி சங்க எடுத்துட்டு வாங்க."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்க மாமனாரத் தூக்கினதும் பௌர்ணமிதான? நீங்க ஊத ஊத வழி விட்டாங்க இல்ல?"

மாரி இரண்டடி பின்னால் போய்விட்டார். "உசுரோட இருக்கிற புள்ளைக்கு நான் ஊத மாட்டேம்மா. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"வாயக் கழுவுடி" என்றாள் முனியம்மா. அவள் புருஷனுக்கு ஊதிய சங்கல்லவா அது? அந்தச் சத்தம் காதில் இருந்து இன்னும் போயிருக்காது.

செல்வி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, ஊதலன்னா நெஜமாவே ஊத வேண்டி வரும்."

முனியம்மா மருமகளின் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள். பிறகு மாரியைப் பார்க்காமலே, "எடுத்தாய்யா" என்றாள்.

மாரி டிரைவர் சீட்டின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு ஊதினார். முனியம்மா தன் இரண்டு உள்ளங்கைகளாலும் மருமகளின் காதுகளை இறுக்கப் பொத்திக்கொண்டாள். அவள் காதைப் பொத்த யாரும் இல்லை.

அப்புறம் பாருங்கள்... பாதை பிளந்தது! பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓரம் போனார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றாள் ஒரு அம்மாள். "கிரிவலத்துல போற பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்?" என்று பொறாமைப்பட்டார் இன்னொருவர். நினைத்தாலே முக்தி தரும் ஊர், கேட்கவா வேண்டும்? ஒரு வாலிபன் மட்டும் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தான். செல்வி வலியில் அவனை முறைத்தாள்.

"டேய், பொணம் முழிக்குதுடா" என்று அலறினான். அதற்கும் ஒரு கூட்டம் விலகியது.

டவுன் வரும்வரை மாரி சங்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது அவர் உதடு வீங்கியிருந்தது. ஆபரேஷன் முடிந்து, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று சொல்லும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே வரவில்லை. நல்லது நடக்கிற இடத்துக்குள் வந்து அவருக்குப் பழக்கமில்லை.

போன வாரம் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். முனியம்மா வெற்றிலை பாக்கோடு மாரி வீட்டுக்கே போய் அழைத்தாள். சங்கு ஊதுகிறவரை நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. மாரி நம்பாமல் பார்த்தார்.

"மொத பந்தியில ஒக்காரணும்" என்றாள் முனியம்மா. "சங்க மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வா."

வந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலையைப் பார்த்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. பக்கத்து இலையில் நான். நானும் என் இலையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அடுத்த பௌர்ணமிக்கு நீங்களும் வருகிறீர்களா? தாராளமாக வாருங்கள். பின்னால் ஹார்ன் கேட்டால் மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள் – சங்கு ஊதட்டும் என்று காத்திருக்காதீர்கள்.