உப்புத் தூவிய ஐஸ்

மருந்துக் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இன்சுலின் கசாப்புக் கூடத்திலிருந்து வந்தது. மாடு, பன்றிகளின் கணையத்தை அரைத்துப் பிரித்தெடுப்போம். பிறகு அந்த வேலையை பாக்டீரியாக்களிடம் ஒப்படைத்தோம். அதற்கும் பிறகு, ஒருவகை எலியின் சினைப்பை செல்களை எஃகுத் தொட்டியில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தை மருந்தாக்கினோம். அந்த செல்களுக்குச் சூடு, காற்று, சாப்பாடு எதிலும் குறை வைத்ததில்லை. எங்கள் கேன்டீனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நான் ஓய்வுபெறும் நேரத்தில் எஃகுத் தொட்டி போய், ஒருமுறையோடு தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பை வந்திருந்தது.

காரைக்காலுக்குத் திரும்பியபின், அந்த செல்கள் சுரக்கும் ரகத்து ஊசியைத்தான் என் மனைவிக்கு எழுதிக்கொடுத்தார்கள். முடக்குவாதம். ஊசி வேலைசெய்யும் நாட்களில் அவளே தலை பின்னிக்கொள்வாள். தள்ளிப்போனால் விரல்கள் மடங்காது. நான் சீவிவிட வேண்டும். அது அவளுக்குப் பிடிக்காது.

ஊசி வாங்கத் தஞ்சாவூர் மருந்துக்கடைக்கு நான்தான் போவேன். அந்த முறை எனக்குக் காய்ச்சல். மீன் வண்டியோடு தஞ்சாவூர் போகும் அவள் தம்பியிடம், கட்டித் தருவதை அப்படியே கொண்டுவரச் சொன்னேன். மாலையில் பெரிய மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கடைக்காரன் சரியான கஞ்சன் அத்தான். ரெண்டே ரெண்டு ஐஸ் பொட்டலம் வச்சிருந்தான். அதை எடுத்துப் போட்டுட்டு, ஊசியை நம்ம ஐஸ்ல புதைச்சிட்டேன். கல்லுப்பும் தூவியிருக்கேன். வஞ்சிரத்துக்குக்கூட இவ்வளவு பண்ணமாட்டேன்!"

உப்புத் தூவினால் ஐஸின் குளிர் இன்னும் கீழே இறங்கும். ஊசிக்குள் மருந்து கட்டியாக உறைந்திருந்தது. உறைந்த புரதம் உருக்குலைந்துவிடும். இளகியபின் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், வேலைசெய்யாது.

அவன் போனதும் அவள் கேட்டாள்: "இளகிடுச்சே, போட்டுடக்கூடாதா?"

"கூடாது."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு சட்டம்."

அடுத்த ஊசி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். "ஊசி போட்டாச்சா அக்கா? இப்ப எப்படி இருக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"போட்டாச்சுடா. நல்லாருக்கு."

"அடுத்த தடவையும் நானே போறேன் அத்தான். நீங்க அலையாதீங்க," என்றான் என்னிடம்.