மூன்று பிரவுசர்களுக்கு நான் நடுவர்

பத்து வயதில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. எங்கள் வீட்டுக் கணினியில் இருந்த மூன்று பிரவுசர்களில் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்லும் பதவி. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பதவியை ஏற்றேன். காபி நேரம் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே அது போய்விட்டது. இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது.

காரைக்குடியில் எங்கள் வீட்டின் முன்பகுதியில் இருந்த நான்கு அறைகளை, ஊர் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்பா வாடகைக்கு விட்டுவந்தார். அவர்களை ரயிலடியிலிருந்து கூட்டிவர ஒரு பழைய வேன், அவர்களோடு கடிதம் எழுதிக்கொள்ள ஒரு பழைய கணினி, இரண்டும் இருந்தன. வேன் எப்போது கேட்டாலும் கிளம்பிவிடும். கணினிதான் மனது வைக்க வேண்டும்.

அந்தக் கோடையில் பிரான்சிலிருந்து ஒரு தம்பதி, டிசம்பரில் ஒரு வாரம் தங்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அப்பா இரண்டு விரல்களால் ஒரு மணி நேரம் பதில் தட்டினார். அனுப்பப் போகிற நேரத்தில் பிரவுசர் அப்படியே நின்றுவிட்டது. திரை வெளுத்துப்போய், நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அதன் முன்னால் கைகட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சுவிட்சை அணைத்தார். மறுநாள் திரும்ப எழுதி அனுப்பியபோது அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டுவிட்டார்கள்.

இது நடந்தபோது வீட்டில் சித்தப்பா இருந்தார். அப்பாவின் தம்பி, கோயம்புத்தூரில் மென்பொருள் கம்பெனியில் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தார். இரண்டு தெரு தள்ளி மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, பேருந்து நிலையத்துப் பக்கம் ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்து தரும் கடை வைத்திருந்தார். கணினியோடு வந்த பிரவுசர்தான் அப்பாவின் கடிதத்தை விழுங்கியது. அது போதாதென்று பொங்கலுக்கு வந்தபோது சித்தப்பா ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்துவிட்டு மாமாவும் தன் பங்குக்கு ஒன்றைப் போட்டிருந்தார். எந்தெந்தக் கம்பெனி என்று சொல்லி இப்போது எதற்கு வம்பு? நான் அவற்றுக்குப் பழையது, பச்சை, ஆரஞ்சு என்று பெயர் வைத்திருந்தேன். பச்சை சித்தப்பாவுடையது, ஆரஞ்சு மாமாவுடையது.

தன்னுடையதுதான் உசத்தி என்று சித்தப்பாவும் மாமாவும் மூன்று நாளாகச் சாப்பாட்டு நேரத்தில்கூட விடாமல் வாதாடினார்கள். அப்பாவுக்குச் சலித்துப் போயிற்று. போட்டி வைத்து, ஜெயித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். நடுவராக என்னைப் போட்டதற்கு இரண்டு காரணங்கள். நான் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். நிற்காமல் ஓடுகிறதா, மெமரி, ஆட்-ஆன், பிரைவசி என்று சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். கடைசி வார்த்தைக்குப் பொருள் கேட்டேன். அதை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

முதல் சோதனை, ஒரே நேரத்தில் பன்னிரண்டு பக்கங்களைத் திறப்பது. பழையது ஐந்தாவது பக்கத்திலேயே வெளுத்துவிட்டது. அப்பா அதைப் பழிவாங்கிய திருப்தியோடு பார்த்தார். ஆரஞ்சு ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாக, யோசித்து யோசித்துத் திறந்தது, ஆனால் பன்னிரண்டையும் திறந்துவிட்டது. பச்சை பறந்தது. ஒன்பதாவது பக்கம் மட்டும் செத்து விழுந்தது. மாமா கைதட்டினார். ஒரு பக்கம் செத்தாலும் மற்றவை உயிரோடு இருக்கின்றன பாருங்கள், அதற்குத்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டுகிறது என்று சித்தப்பா விளக்கினார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டுக்கும் எட்டு மதிப்பெண் போட்டேன்.

மெமரியில் நான் சறுக்கினேன். எது எவ்வளவு மெமரி எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் பட்டியலைச் சித்தப்பா திறந்தார். பச்சைக்கு நேரே இருந்த எண்தான் பெரியது. மெமரி என்றால் ஞாபக சக்திதானே, எங்கள் வகுப்பில் அது அதிகம் உள்ளவளுக்குத்தானே முதல் ரேங்க் என்று நினைத்துப் பச்சைக்குப் பத்து போட்டுவிட்டேன். மாமா பதறிப்போனார். வீட்டில் இருப்பதே ஒரு குண்டான் சோறு, அதில் முக்கால்வாசியை ஒருவன் தின்றால் அவனுக்கா பரிசு என்று கேட்டார். பத்தை அடித்து மூன்றாக்கினேன். சித்தப்பா, அந்தக் குண்டானே சின்னது, அதற்குப் பையன் என்ன செய்வான் என்றார்.

ஆட்-ஆனில் மாமா கொடி நாட்டினார். ஆரஞ்சில் அவர் எதையெல்லாமோ மாட்டிவைத்திருந்தார். விளம்பரத்தை மறைப்பதற்கு ஒன்று, தமிழில் தட்டுவதற்கு ஒன்று, மழை வருமா என்று சொல்வதற்கு ஒன்று. திரையில் பாதியை அவற்றின் பட்டைகளே அடைத்துக்கொண்டன. மீதிப் பாதியில்தான் ஏதாவது படிக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்கும் ஒன்று இருந்தது. பழைய பிரெஞ்சுக் கடிதம் ஒன்றை அதில் போட்டார். ‘உங்கள் சுவர்களின் மீது எங்கள் மரியாதை விழுகிறது, காலை உணவு உண்டா’ என்று வந்தது. காபியோடு வந்த அம்மா தம்ளர் தளும்பத் தளும்பச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். ஆரஞ்சுக்கு ஒன்பது.

கூட்டிப் பார்த்தால் ஆரஞ்சு முந்தியிருந்தது, ஆனால் பச்சையால் இன்னும் எட்டிப்பிடிக்க முடியும். எல்லாம் பிரைவசியில் வந்து நின்றது. அதன் பொருளை இப்போது இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். நாம் எங்கே போனோம், என்ன தேடினோம் என்பதை அடுத்தவருக்குச் சொல்லாமல் இருப்பது. அதிலும் வெளியே இருக்கும் கம்பெனிக்காரனுக்குச் சொல்வது ஒரு வகை, வீட்டுக்குள்ளேயே காட்டிக்கொடுப்பது இன்னொரு வகை என்றார் மாமா. வெளியே சொல்வதை எப்படிப் பிடிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குள் சொல்வதைச் சோதிக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. மூன்றிலும் ஒரே எழுத்தைத் தட்டுவது, எது என்ன சொல்கிறது என்று பார்ப்பது. நடுவருக்கு மூளை இருக்கிறது என்று அப்பா மெச்சினார்.

எச் என்று தட்டினேன். ஹோட்டல் என்பதன் முதல் எழுத்து என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பழையதில் அப்பா பார்த்த ஹோட்டல் பக்கங்கள் வரிசையாக வந்தன. ஆரஞ்சில் ஒன்றுமே வரவில்லை. மூடும்போதே எல்லாவற்றையும் துடைத்துவிடும்படி அதை வைத்திருப்பதாக மாமா பெருமையோடு சொன்னார். இப்போதுதான் கேட்ட பொருளை மறந்துவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாத பையன் என்று நான் அதற்கு முட்டை போட்டேன்.

பச்சையில் தட்டியதும் ஒரு பெரிய பட்டியலே கீழே விழுந்தது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வந்திருந்த புதுசு. நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல உரக்க வாசித்தேன். டிரைவிங் டெஸ்டில் எச் போடுவது எப்படி. மேட்டில் வண்டி பின்னால் போகாமல் எடுப்பது எப்படி. ஹாஃப் கிளட்ச் எவ்வளவு மிதிக்க வேண்டும். நான்காவதற்குப் போனபோது அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். எனக்கு லைசென்ஸ் இருக்கிறதே என்றார் சித்தப்பா. மாமாவைப் பார்த்தார். எனக்கு பைக் போதும் அத்தான் என்றார் மாமா. பிறகு மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சமையலறை வாசலைப் பார்த்தார்கள். அம்மா காலித் தம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“நாந்தான் பாத்தேன். செவ்வாக்கிழமை டெஸ்ட்டு.”

அந்தக் கணினியை அம்மா தூசி தட்டுவாள், அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். அதைத் தாண்டி அவளுக்கும் அதற்கும் ஏதாவது இருக்கும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

அப்பாவுக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. “அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை அரியக்குடிக்குப் போறேன்னது?”

“அங்கயுந்தான் போனேன். பெருமாளக் கும்பிட்டுட்டுத்தான் டிரைவிங் ஸ்கூல் வண்டியில ஏறுவேன்.”

மாமாவுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று, யாரிடம் கேட்கிறார் என்றே தெரியாதபடி கேட்டார்.

“போன வருசம் கேட்டேன். வந்தவுக முன்னாடி வச்சுச் சிரிச்சீக. நான் எடுத்தா வண்டி நேரா செவுத்துக்குள்ளதான் போயி நிக்கும்னீக.”

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் என்ன வாங்கினாள் என்று சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. மதிப்பெண் போடுகிறேன் என்று அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், இனி அவளை வண்டி ஓட்ட விடமாட்டார்கள் என்று நினைத்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா எழுந்து முன்பக்கம் போனார். வெளியே கிளம்பிவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆணியில் மாட்டியிருந்த வேன் சாவியோடு திரும்பி வந்தார். அம்மாவின் கைகளில் தம்ளர்கள் இருந்ததால் சாவியை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். சித்தப்பா தம்ளர்களை வாங்கிக்கொண்டார்.

“வா, அரியக்குடிக்குப் போயிட்டு வருவோம். நீயே எடு.”

எல் போர்டு வேண்டும் என்றார் மாமா. தாள் தேடினார்கள். கையில் கிடைத்தது என் மதிப்பெண் பட்டியல்தான். அதைக் கிழித்து, பின்பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக ஓர் எல் எழுதி, முன்கண்ணாடியில் ஒட்டினார் மாமா. எல் போர்டு போட்ட வண்டியில் இத்தனை பேர் ஏறக்கூடாது என்பது அன்று ஒருவருக்கும் நினைவில்லை. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். அப்பா, தன் வேனில் முதல்தடவையாக இடது பக்கம் உட்கார்ந்தார். பின்னால் எனக்கு இந்தப் பக்கம் சித்தப்பா, அந்தப் பக்கம் மாமா. மூன்று நாளாக எதிலும் ஒத்துப்போகாத இருவரும் முன்சீட்டுக் கம்பியை ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

தெருமுனையில் ஒருமுறை வண்டி நின்றுபோனது. அம்மா பதறாமல் திரும்ப எடுத்தாள். ஊரைத் தாண்டியதும் ஒரு மேடு. பாதி ஏறும்போது எதிரே ஆடுகள் வந்துவிட்டன. அம்மா நிறுத்தினாள். பின்னால் ஒரு லாரி ஒலி எழுப்பியது. அப்பாவின் கை தானாகப் பிரேக் கம்பியை நோக்கிப் போனது. பாதி வழியில் அதைத் திருப்பி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. வேன் ஒருமுறை உறுமியது, ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை, மேலே ஏறிவிட்டது. மாமா கத்திய கத்தலில் ஆட்டுக்காரரே திரும்பிப் பார்த்தார். கோயிலில் இறங்கும்போது அப்பா, இந்த வண்டிக்கு கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கும், நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை அம்மா தேறினாள். டிசம்பரில் ரயிலடிக்குப் போய்ப் பயணிகளை ஏற்றிவந்தது அவள்தான். பிரவுசர் போட்டிக்கு மட்டும் தீர்ப்பே வரவில்லை. மூன்றும் அந்தக் கணினி சாகும்வரை அதிலேயே இருந்தன.

நான் காட்டிக்கொடுத்தது வெகுநாள் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு, ஒரு விடுமுறையில் அம்மாவிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“தேடுனத அழிக்கத் தெரியாதவளா நான்? ரெண்டு மாசமா வாராவாரம் அழிச்சேன். டெஸ்ட்டு நெருங்கவும் விட்டு வச்சேன். உங்கப்பா என்னைக்காச்சும் தனியாப் பாக்கட்டும்னு இருந்தேன். நீ ஊருக்கே வாசிப்பேன்னு யாரு கண்டா.”

சமையலறை வாசலில் தம்ளர்களோடு நின்ற அம்மா பயந்துபோய் நிற்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். ஒருவர் தன்னுடைய ரகசியம் வெளியே வருவதற்காகவும் அப்படிக் காத்து நிற்கலாம் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் பச்சைக்குப் பிரைவசியில் பத்துக்குப் பத்து போடலாம் என்றிருந்தேன், கேட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறதே என்று.